நிலக்கடலை

சென்னை வடபழனியில் ஆண்டவர் திருக்கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் மாலைப் பொழுதில் நடந்து செல்வோர் ஓர் ஓசையைக் கேட்டிருப்பர். இரும்புச் சட்டியின் விளிம்பிற் கரண்டி மோதும் 'டங், டங்' என்னும் ஓசையே அது. தள்ளுவண்டியின்மேல் அடுப்பு, அடுப்பின்மேல் சட்டி, சட்டியிற் சூடேறிய மணல், அம்மணலிற் புரளுகின்ற கடலை. வண்டிக்காரர் அதனைச் சல்லடையில் அள்ளி மணலை உதிர்ப்பார். பழங்காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, அதில் ஒரு கைப்பிடி கடலையைப் பெய்து நீட்டுவார். கோயிலுக்குச் செல்வாரும், பணிமுடிந்து வீடு திரும்புவாரும், பள்ளிச் சிறாரும் வாங்கிக் கொறித்துக்கொண்டே நடப்பர்.

கொறிப்பதற்குரிய எளிய பண்டம் என்றே நாம் அதனை எண்ணுகிறோம். அஃது எந்நாட்டினின்று வந்தது, மண்ணுள் எவ்வாறு விளைகின்றது, உணவாகவும் தீவனமாகவும் எருவாகவும் சவர்க்காரமாகவும் எரிபொருளாகவும் எத்தனை வடிவெடுத்து நமக்கு உதவுகின்றது என்பவற்றை நம்முட் பலர் அறியோம். அவற்றைக் கூறுவதே இப்பாடத்தின் நோக்கம்.

நிலக்கடலை நம் நாட்டுப் பழம்பயிர் அன்று. அதன் பிறப்பிடம் தென் அமெரிக்கா. பொலிவியா நாட்டின் தென்பகுதியும் அர்ஜென்டினாவின் வடபகுதியும் அதன் தாயகம் என ஆராய்ச்சியாளர் கருதுவர். பெரு நாட்டின் பழைய இடிபாடுகளில் நிலக்கடலைத் தோடுகள் கிடைத்துள்ளன. ஐரோப்பியர் கடல்வழி கண்டு அக்கண்டத்தை அடைந்த பின்னர், போர்ச்சுகீசியரும் ஸ்பானியரும் ஏறிய கப்பல்களில் இக்கடலையும் ஏறி, ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் வந்து சேர்ந்தது.

வந்த வழியைப் பெயரே ஓரளவு காட்டும். தமிழ்நாட்டிற் பல ஊர்களில் இதனை 'மணிலாக்கொட்டை' என்பர். மணிலா பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகர். விழுப்புரம், புதுவை ஆகிய பகுதிகளில் வழங்கும் 'மல்லாட்டை' என்பது மணிலாக்கொட்டை என்பதன் மரூஉ என்பர். ஈழத்துத் தமிழர் 'கச்சான்' என்பர். சென்னையார் 'வேர்க்கடலை' என்பர். இப்பெயர்களுள் வேர்க்கடலை என்பது மட்டும் உண்மைக்குச் சற்றே புறம்பானது. எவ்வாறெனிற் பின்னர்க் காண்போம்.

பண்டைத் தமிழர் செக்கிலிட்டு ஆட்டிய வித்து எள்ளே ஆகும். 'எண்ணெய்' என்னும் சொல்லே இதற்குச் சான்று. எள் + நெய் என்பதே எண்ணெய் எனப் புணர்ந்தது. பின்னர் அச்சொல் எள்ளின் நெய்க்கே உரிமையாய் நில்லாது, வித்துகளினின்று பிழியப்படும் நெய் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராயிற்று. ஆகவே, 'கடலையெண்ணெய்' என்று நாம் கூறும்போது, வந்தேறிய வித்துக்கு நம் முன்னோர் இட்ட வரவேற்பை அச்சொல்லிற் காண்கிறோம். புதியது வந்தபோது, தம்மிடம் இருந்த செக்கையும் சொல்லையும் அதற்கு வழங்கி, அவர்கள் அதனைத் தமதாக்கிக்கொண்டனர்.

இனி, இச்செடி காய்க்கும் முறை பெரிதும் வியக்கத்தக்கது. பிற செடிகளிற் பூத்த இடத்திலேயே காய் தோன்றும். காற்றிலும் வெயிலிலும் அது முதிரும். நிலக்கடலைச் செடியோ மண்ணுக்கு மேலே பூத்து, மண்ணுக்குள்ளே காய்க்கின்றது. பொன்னிறப் பூ காலையில் மலரும், கருவுற்றபின் வாடும். பின்னர்ப் பூவின் அடியிலிருந்து ஊசி போன்றதொரு விழுது வெளிப்பட்டுக் கீழ்நோக்கி வளரும். அது மண்ணைத் துளைத்து இறங்கி, இருளிற் கிடையாகத் திரும்பிய பின்னரே அதன் நுனி பருத்துக் காயாகும். மண்ணை எட்டாத விழுது காய்க்காமலே வற்றிப்போகும். காய், விழுதின் முனையில் உண்டாவதேயன்றி வேரில் உண்டாவது அன்று. வேர்க்கடலை என்னும் பெயர் பொருந்தாது என மேலே கூறியது இதுபற்றியே.

நம் உழவர் இவ்வுண்மையை நன்கு உணர்ந்தவர். விதைத்த 40 அல்லது 45 நாள் ஆனதும் களை கொத்திச் செடியைச் சுற்றி மண் அணைப்பர். விழுதுகள் எளிதாக மண்ணிற் புகுவதற்கே அவ்வாறு செய்கின்றனர். அப்பொழுதே ஜிப்சம் என்னும் உப்பையும் இடுவர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தை வளரும் காய் மண்ணினின்று தானே நேராக உறிஞ்சிக்கொள்ளும். அச்சத்துக் குறைந்தால் தோடு மட்டும் திரண்டு உள்ளே பருப்பு இராது. அத்தகைய காயை உழவர் 'பொக்கு' என்பர். விழுது இறங்கத் தொடங்கிய பின் நிலத்திற் கால் வைத்து உழப்பதையும் அவர்கள் தவிர்ப்பர்.

இச்செடியின் வேரில் வேறொரு செல்வம் உண்டு. அவரை இனத்துச் செடிகளைப் போலவே இதன் வேரிலும் சிறுசிறு முடிச்சுகள் காணப்படும். அம்முடிச்சுகளில் நுண்ணுயிர்கள் குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பற்றிச் செடிக்குரிய உரமாக மாற்றுகின்றன. செடி அந்நுண்ணுயிர்களுக்கு உணவளிக்கின்றது. அவை செடிக்கு உரமளிக்கின்றன. அறுவடைக்குப் பின்னரும் அவ்வுரத்தின் ஒரு பகுதி நிலத்திலேயே தங்கி, அடுத்த பயிருக்கு உதவும். கம்பு, சோளம் முதலியவற்றோடு மாற்றிப் பயிரிடுவதற்கு இக்கடலை ஏற்றதென உழவர் கருதுவதன் காரணம் இதுவே.

தமிழகத்தில் நிலக்கடலையின் வரலாறு பெரும்பாலும் தென் ஆர்க்காட்டு மாவட்டத்தோடு பிணைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அம்மாவட்டத்துச் செம்மண் புன்செய்களில் விளைந்த கடலை புதுச்சேரித் துறைமுகத்தில் ஏற்றப்பட்டுப் பிரான்சு நாட்டு மார்சேல் நகரை அடைந்தது. 1869ஆம் ஆண்டில் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் அவ்வழி சுருங்கிற்று. மார்சேல் நகரின் ஆலைகள் அக்கடலையைப் பிழிந்து எண்ணெய் எடுத்தன. அவ்வெண்ணெயின் ஒரு பகுதி உணவுக்கும், ஒரு பகுதி சவர்க்காரத் தொழிலுக்கும் சென்றது. மழையை நம்பிய நம் உழவன் வானம் பார்த்துப் பயிரிட்ட கடலை, கடல் கடந்து அயலார் கையழுக்கைக் கழுவிற்று என்றால் அது மிகையன்று.

ஒரே விதையைப் பல்லாண்டு திரும்பத் திரும்ப விதைத்தமையால் நாளடைவில் விளைச்சல் குன்றிற்று. அதனை ஆராய்தற்கெனக் கடலூரை அடுத்த பாலூரில் 1905ஆம் ஆண்டில் ஒரு பண்ணை நிறுவப்பட்டது. பின்னர்த் திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. குடியாத்தம் பகுதியிற் பயிரான கொத்துக்கடலையினின்று தேர்ந்தெடுக்கப்பட்டு, 1940ஆம் ஆண்டில் அந்நிலையத்தின் பெயரால் வெளிவந்த 'டி.எம்.வி. 2' என்னும் வகை, தமிழகத்தின் எல்லை கடந்து அண்டை மாநிலங்களிலும் பல்லாண்டு பயிரிடப்பட்டது. விருத்தாசலத்து நிலையமும் பின்னர்ப் பல நல்ல வகைகளை அளித்துள்ளது. இன்று உலகில் நிலக்கடலை விளைவில் சீனம் முதலிடத்திலும் நம் நாடு இரண்டாம் இடத்திலும் உள்ளன. நம் நாட்டினுள் குஜராத் முன்னிற்கின்றது.

இனி இதன் பயன்களை ஒவ்வொன்றாக நோக்குவோம். 100 கிலோ காயை உடைத்தால் ஏறத்தாழ 70 கிலோ பருப்புக் கிடைக்கும், எஞ்சியது தோடு. அப்பருப்பிற் பாதியளவு எண்ணெய், கால்பங்கு புரதம். இறைச்சி உண்ணாதார்க்கும், விலையுயர்ந்த உணவை வாங்க இயலாதார்க்கும் இத்துணைப் புரதத்தை இவ்வளவு மலிவாகத் தரும் பொருள்கள் சிலவே. அவித்தும் வறுத்தும் உண்கிறோம், துவையலாக அரைக்கிறோம், புளிச்சோற்றில் இடுகிறோம், வெல்லப்பாகு சேர்த்து மிட்டாயாக்குகிறோம். கரிசல் நிலத்துக் கடலையும் வெல்லமும் கொண்டு கோவில்பட்டியிற் செய்யப்படும் கடலைமிட்டாய் 2020ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றது. ஒரு சிற்றூர்த் தின்பண்டம் தன் ஊர்ப்பெயரைச் சட்டத்தின் காவலோடு தாங்கி நிற்பது பெருமைக்குரியதன்றோ?

எண்ணெய், பருப்பின் தலையாய பயன். நம் சமையலறைகளிற் பொரிக்கவும் தாளிக்கவும் கடலையெண்ணெய் நெடுங்காலம் முதன்மை பெற்றிருந்தது. மிகுந்த சூட்டையும் இது தாங்கும். பண்டு மாடு சுற்றும் மரச்செக்கில் ஆட்டினர். பின்னர் ஆலைகள் வந்தன. இன்று மின்விசையால் இயங்கும் செக்குகள் மீண்டும் பல தெருக்களிற் காணப்படுகின்றன.

எண்ணெயோடு காரத்தைச் சேர்த்துக் காய்ச்சினால் சவர்க்காரம் உண்டாகும். அப்பொழுது கிளிசரின் என்னும் பாகு போன்ற பொருள் தனியே பிரியும். அது மருந்துகளிலும் முகப்பூச்சுகளிலும் சேர்கின்றது. அதனைக்கொண்டே பாறை பிளக்கும் வெடிமருந்தும் செய்வர். மெல்லிய பூச்சுக்கும் வன்மையான வெடிக்கும் மூலப்பொருள் ஒன்றே என்பது எண்ணி வியத்தற்குரியது.

1900ஆம் ஆண்டிற் பாரிசு மாநகரில் உலகக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. அங்கே வைக்கப்பட்டிருந்த சிறியதொரு டீசல் எந்திரம் நிலக்கடலை எண்ணெயால் ஓட்டிக் காட்டப்பட்டது. கல்லெண்ணெய்க்கென அமைந்த எந்திரம் எவ்வித மாற்றமுமின்றிக் கடலையெண்ணெயில் ஓடிற்று. அவ்வெந்திரத்தைக் கண்டறிந்த ருடால்ப் டீசலே பின்னாளில் இச்செய்தியைக் குறிப்பிட்டுள்ளார். நிலத்தடி எண்ணெய் வற்றும் காலத்துக்கு வயலிலிருந்தே எரிபொருள் எடுக்கலாம் என்னும் எண்ணம் இன்று புதிதாகப் பேசப்படுகின்றது. அதன் வித்து நூறாண்டுக்கு முன்னரே ஊன்றப்பட்டுவிட்டது.

எண்ணெயை நிக்கல் என்னும் உலோகத்தின் முன்னிலையில் ஹைட்ரஜன் வாயுவோடு சேர்த்தால் அஃது உறைந்து நெய்போலாகும். வனஸ்பதி என நாம் வழங்குவது அதுவே. அதற்குக் கடலையெண்ணெய் பெரிதும் பயன்பட்டது. நெய் வாங்க இயலாத இல்லங்களுக்கு அது வரப்பிரசாதம் எனக் கருதப்பட்டது. ஆயின், அவ்வாறு உறையச் செய்யும்போது உண்டாகும் ஒருவகைக் கொழுப்பு நெஞ்சப்பைக்குத் தீங்கு விளைக்கும் எனப் பின்னர் அறியப்பட்டது. ஆதலின், அக்கொழுப்பு நூற்றுக்கு 2 பங்கினை மிகலாகாது என 2022ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் விதி செய்யப்பட்டுள்ளது. ஒரு பொருளின் பயனைக் கண்டவுடன் ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை. அதன் தீங்கையும் தேடிக் காண்பதே முழுமையான அறிவு.

எண்ணெய் பிழிந்தபின் நிற்பது பிண்ணாக்கு. ஊற வைத்துக் கொடுத்தால் கறவை மாடு விரும்பி உண்ணும், பாலும் பெருகும். நைட்ரஜன் மிகுந்திருத்தலால் வயலுக்கு இட்டால் அது நல்லுரமும் ஆகும். தூய்மையான முறையில் எண்ணெய் நீக்கிய மாவு மனிதர்க்கும் உணவாகும். மைசூரில் 1950ஆம் ஆண்டில் அமைந்த நடுவண் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார், கடலை மாவையும் கொண்டைக்கடலை மாவையும் கலந்து உயிர்ச்சத்துகள் சேர்த்த பல்நோக்கு உணவு ஒன்றை ஆக்கினர். 1996ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டு அறிஞர் இருவர், அரைத்த நிலக்கடலையோடு பால்தூள், சர்க்கரை, எண்ணெய், உயிர்ச்சத்துகள் ஆகியவற்றைச் சேர்த்து, எலும்புந் தோலுமாய் மெலிந்த குழந்தைகளுக்கு ஊட்டும் பசை ஒன்றை உருவாக்கினர். அதற்கு அடுப்பு வேண்டா. நீர் கலத்தலும் வேண்டா. பஞ்சம் வருத்தும் நாடுகளில் அதனாற் பிழைத்த குழந்தைகள் மிகப் பலர்.

கடலைப் புரதத்தினின்று நூலும் நூற்றனர் என்றால் நம்புவீர்களா? ஸ்காத்லாந்து நாட்டில் 'ஆர்டில்' என்னும் பெயரால் அத்தகைய இழை செய்யப்பட்டது. அதனைக் கம்பளியோடு கலந்து ஆடை நெய்தனர். ஆயினும், பிற செயற்கை இழைகளோடு போட்டியிட்டு நிற்க இயலாமையால் 1957ஆம் ஆண்டில் அத்தொழில் நின்றுபோயிற்று.

எண்ணெயும் புரதமும் போக, தோடும் வீண்போவதில்லை. ஆலைக் கொதிகலன்களுக்கு அது விறகாகும். அரைத்துப் பசை சேர்த்து அழுத்தினாற் பலகையாகும். காயைப் பறித்தபின் நிற்கும் கொடி ஆடுமாடுகளுக்கு உலர்தீவனம். இங்ஙனம் இலை முதல் தோடு வரை எறிதற்குரிய உறுப்பு ஒன்றேனும் இதில் இல்லை.

இப்பயன்களை மக்களிடம் எடுத்துச் சொல்வதையே தம் வாழ்நாட்பணியாகக் கொண்ட பெரியார் ஒருவர் அமெரிக்காவில் வாழ்ந்தார். அவரே ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அடிமைத் தாய்க்கு மகனாகப் பிறந்து, பல இன்னல்களுக்கிடையே கற்றுத் தேர்ந்து, 1896ஆம் ஆண்டில் அலபாமா மாநிலத்து டஸ்கிகீ கல்வி நிலையத்தில் ஆசிரியரானார். அந்நாட்டுத் தென்பகுதியினர் ஆண்டுதோறும் பருத்தி ஒன்றையே விதைத்து நிலத்தின் சாரத்தை இழந்திருந்தனர். பருத்திக் காயைத் துளைக்கும் வண்டும் பெருகிற்று. நிலக்கடலையை மாற்றுப்பயிராக விதைத்தால் நிலம் வளம்பெறும் என்று கார்வர் எடுத்துரைத்தார். விளைந்ததை என்செய்வது என உழவர் திகைத்தபோது, 1916ஆம் ஆண்டில் அதனை உணவாகச் சமைக்கும் 105 முறைகளைத் தொகுத்துச் சிறுநூலாக வெளியிட்டார். 1921ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சட்டமன்றக் குழுவின்முன் பேச அவருக்குப் பத்து நிமிடமே அளிக்கப்பட்டது. அவர் பையிலிருந்து ஒவ்வொரு பொருளாக எடுத்து விளக்கக் கண்ட உறுப்பினர், நேரம் போனதே அறியாது, மேலும் பேசுமாறு வேண்டினர். நிறம்பற்றி இழிவுசெய்யப்பட்ட ஒருவரை அறிவுபற்றி அவையினர் செவிமடுத்த நாள் அது.

நிலக்கடலையோடு ஒருங்கு எண்ணத்தக்கது சோயா மொச்சை. சீன நாட்டில் தோன்றிய அதுவும் அவரை இனத்ததே. அதன் வேரிலும் முடிச்சுகள் உண்டு. கடலையில் எண்ணெய் மிகுதி. சோயாவிற் புரதம் மிகுதி. சோயா வித்தில் ஐந்தில் ஒரு பங்கே எண்ணெய். ஐந்தில் இரு பங்களவு புரதம். பாலும் தயிர்க்கட்டி போன்ற 'தோஃபு'வும் அதனினின்று ஆகின்றன. நம் வீடுகளிற் குழம்பில் இடப்படும் 'மீல்மேக்கர்' என்பது எண்ணெய் நீக்கிய சோயா மாவே. அச்சு மை, வண்ணப்பூச்சு முதலியவற்றுக்கும் சோயா எண்ணெய் உதவுகின்றது. நம் நாட்டில் மத்தியப் பிரதேசமும் மகாராட்டிரமும் அதனை மிகுதியாக விளைக்கின்றன. நம் செம்மண் புன்செய்க்கோ நிலக்கடலையே இன்றளவும் இயல்பான துணை.

எப்பயிரும் எல்லா நிலத்துக்கும் ஏற்றதன்று என்பதற்கு வரலாறு ஒரு சான்று தருகின்றது. இரண்டாம் உலகப்போருக்குப்பின் இங்கிலாந்தில் எண்ணெய்ப் பஞ்சம் ஏற்பட்டது. அதனைத் தீர்க்க எண்ணிய அந்நாட்டரசு, கிழக்கு ஆப்பிரிக்காவின் தங்கனீக்காவிற் பெருங்காட்டை அழித்து நிலக்கடலை பயிரிட 1947ஆம் ஆண்டில் முனைந்தது. எந்திரங்கள் பல சென்றன, பெரும்பொருள் செலவாயிற்று. ஆயின், மழை பொய்த்தது. வெயிலில் அம்மண் கல்லென இறுகிற்று. விழுது மண்ணில் இறங்கவும், விளைந்த காயைப் பிடுங்கவும் இயலவில்லை. 1951ஆம் ஆண்டில் அத்திட்டம் கைவிடப்பட்டது. மண்ணின் இயல்பை முன்னரே சோதித்தறியாமல் தொடங்கிய வினை அங்ஙனம் முடிந்தது. 'மண் அணைக்கலாகாத நிலத்தில் மல்லாட்டை எதற்கு?' என்று நம்மூர் உழவர் எவரும் முதல்நாளே கேட்டிருப்பார்.

இத்துணைப் பயனுடைய கடலைக்கும் பகை ஒன்று உண்டு. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 1,00,000க்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் புலப்படாமல் மாண்டன. அவற்றுக்கு இட்ட தீவனத்தை ஆராய்ந்தபோது, பிரேசில் நாட்டினின்று வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சணம் நஞ்சை விளைத்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அந்நஞ்சுக்கு 'அஃபிளாடாக்சின்' என்று பெயரிட்டனர். ஈரங்காயாத கடலையை மூட்டை கட்டினால் அப்பூஞ்சணம் படரும். அந்நஞ்சு ஈரலைக் கெடுக்கும். நெடுநாள் உட்சென்றால் புற்றுநோயையும் விளைக்கும். சமைக்கும் சூட்டில் அஃது எளிதில் அழிவதில்லை. நஞ்சேறிய பிண்ணாக்கைத் தின்ற பசுவின் பாலிலும் அதன் கூறு கலந்து வரும். அப்பாலைப் பருகுவது குழந்தையன்றோ?

இதுபற்றி என் இளமையில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவேன். திண்டிவனத்தை அடுத்த சிற்றூர் ஒன்று எம்மூர். யான் எட்டாம் வகுப்பிற் பயின்ற ஆண்டில், ஆடியில் விதைத்த கடலையை ஐப்பசியிற் பிடுங்கிக் களத்திற் குவித்திருந்தோம். அன்றிரவே அடைமழை பிடித்தது; நான்கு நாள் விடவில்லை. ஐந்தாம் நாள் குவியலைப் பிரித்தபோது உள்ளே வெம்மை கிளம்பிற்று. பல காய்களில் பச்சைப் பூஞ்சணம் படிந்திருந்தது. விதைக்கு வாங்கிய கடன் தந்தையார் தலைமேல் இருந்தது. அன்னையாரின் காதணியும் அடகுக்கடையில் இருந்தது.

வணிகர் ஒருவர் வந்து பார்த்தார். "ஐயா, கவலை வேண்டா. நல்லதோடு இதனையும் கலந்து காயவைத்துத் தாருங்கள். செக்கில் ஏறிவிட்டால் யாருக்குத் தெரியப் போகின்றது?" என்றார். தந்தையார் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "எண்ணெய் ஊராருக்குப் போகும், பிண்ணாக்கு என் மாட்டுக்கே வரும், அதன் பாலை என் பிள்ளைகள் குடிப்பார்கள். யாருக்குத் தெரியாது என்கிறீர்கள்?" என்றார். வேளாண்மை அலுவலர் ஊர்க்கூட்டத்தில் வான்கோழிகளைப் பற்றிச் சொன்னதை அவர் மறக்கவில்லை.

அன்றும் மறுநாளும் வீட்டார் அனைவரும் விளக்கொளியில் அமர்ந்து காய்களைப் பொறுக்கினோம். பாட்டியார், "கசக்கும் கடலையை ஒருநாளும் விழுங்காதே, துப்பிவிடு" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே பொறுக்கினார். பதினொரு மூட்டையில் மூன்று மூட்டை கழிந்தது. அதனைத் தந்தையார் தீயிட்டார். அவ்வாண்டு கடன் தீரவில்லை. காதணி மறு அறுவடை வரை மீளவில்லை. அதைப்பற்றி அன்னையார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பின்னர் யான் தமிழ் கற்று, அறநூல்களுக்கு உரைசொல்லும் ஆசிரியனானேன். நடுவுநிலைமையைப் பற்றிப் பாடஞ்சொல்லும் போதெல்லாம் அந்த மூன்று மூட்டை எரிந்த தீயே என் கண்முன் நிற்கும்.

ஆதலின், கடலை வாங்குவோர் அறியவேண்டுவன சில உள. சுருங்கியும் நிறம் மாறியும் பூஞ்சணம் படிந்தும் உள்ள பருப்பைக் கழித்துவிட வேண்டும். ஈரமற்ற கலத்திற் காற்றுப் புகாமல் வைத்தல் வேண்டும். கடலை ஒவ்வாத உடல்வாகு உடையோரும் உளர். அவர்க்குச் சிறிதளவும் பெருந்தீங்காகலாம். அத்தகைய நண்பர் வகுப்பில் இருந்தால், விளையாட்டாகவும் அவர்க்கு அதனைத் தரலாகாது. நல்லுணவேயாயினும் அளவு வேண்டும். 1918ஆம் ஆண்டில் காந்தியடிகள் கேடா மாவட்டத்து ஊர்களில் அலைந்து உழைத்தபோது, நிலக்கடலை வெண்ணெயும் எலுமிச்சையுமே அவருடைய முதன்மை உணவாயிருந்தன. அவ்வெண்ணெயை மிகுதியாக உண்டதனால் உடல் கெட்டதைத் தம் வரலாற்றில் அவரே ஒளியாது எழுதியுள்ளார்.

மாணவர்களே! நம் நாடு தனக்கு வேண்டும் சமையலெண்ணெயிற் பாதிக்கு மேல் இன்றும் வெளிநாடுகளினின்று வாங்குகின்றது. ஒருகாலத்திற் புதுச்சேரித் துறையில் நம் கடலை கப்பலேறிற்று. இன்று நம் துறைமுகங்களிற் பிறநாட்டு எண்ணெய் வந்திறங்குகின்றது. நம் புன்செய் உழவனுக்கு நல்ல விதையும், காலத்தில் நீரும், காயவைக்கக் களமும், உழைப்புக்கேற்ற விலையும் கிடைப்பின் இந்நிலை பெரிதும் மாறும். உங்களுள் ஒருவர் புதிய விதை காண்பவராகலாம். ஒருவர் நஞ்சைக் கண்டறியும் எளிய கருவி செய்பவராகலாம். ஒருவர் நேர்மையான வணிகராகலாம். அவரவர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு.

அடுத்தமுறை தெருவில் அந்த 'டங், டங்' ஓசை கேட்டுக் கடலை வாங்கும்போது, கூம்பைப் பிரித்து ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பூவிலிருந்து இறங்கி மண்ணைத் துளைத்துப் போன விழுதின் தழும்பு அதன் முனையிற் காணப்படும். மழைக்கும் கடனுக்கும் அஞ்சாது அதனை விளைவித்த கைகளையும் ஒருகணம் நினைத்து, பின்னர் உண்ணுங்கள்.

பயிற்சி

1. 'வேர்க்கடலை' என்னும் பெயர் பொருந்தாது என ஆசிரியர் கூறுவதன் காரணத்தை விளக்குக.

2. மண் அணைத்தலும் ஜிப்சம் இடுதலும் எதன் பொருட்டு?

3. நிலக்கடலையின் தொழிற்பயன்கள் நான்கனைத் தொகுத்து எழுதுக.

4. தங்கனீக்காத் திட்டம் தோல்வியுற்றமை நமக்குக் கற்பிக்கும் பாடம் யாது?

5. "யாருக்குத் தெரியாது என்கிறீர்கள்?" என்னும் வினாவின் கருத்தை விரித்துரைக்க. நீவிர் அத்தந்தையார் நிலையில் இருப்பின் என்செய்வீர் என்பதையும் எழுதுக.

6. பிரித்தெழுதுக: எண்ணெய், நல்லுரம், கொதிகலன், பொன்னிறம்.